பதினான்காம் தேதி யாரும் ஆஜராகவில்லை

புதுச்சேரி,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய சீனியர் அவர்களுக்கு,

உங்களிடம் நான்கு வருடம் ஜூனியராக இருந்த சங்கவி எழுதுவது. சென்னையில் நீங்கள் நலமாக இருப்பதாக முருகையன் அண்ணன் சொன்னார். நான் இப்போது உழவர்கரையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் ஓரத்தில் மேசை போட்டு, வாடகை ஒப்பந்தமும் பெயர் மாற்ற மனுவும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நேரில் பேசினால் எனக்குப் பாதியில் குரல் அடங்கிவிடும். "இவ வாதாடறது கேக்கணும்னா ஜட்ஜ் எறங்கி வந்து பக்கத்துல நிக்கணும்" என்று கட்சிக்காரர்கள் முன்னால் சொல்லிச் சிரிப்பீர்கள். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். இதில் யாரும் குறுக்கே பேச முடியாது.

போன வெள்ளிக்கிழமை முருகையன் அண்ணன் ஒரு ஸ்வீட் பாக்ஸோடு கடைக்கு வந்தார். பதினெட்டு வருடம் உங்களிடம் குமாஸ்தாவாக இருக்கும் மனிதர், என் முன்னால் உட்காரத் தயங்கி நின்றுகொண்டே பேசினார். "நம்ம சார் பேரு ஜட்ஜ் பதவிக்கு மேல போயிருக்குதும்மா. ஹைகோர்ட்டுல எத்தினி ஜட்ஜ் சீட்டு காலியா கெடக்குது, கேஸ் கட்டெல்லாம் செல்லரிக்குது. நம்ம ஊருக்காரர் ஒருத்தர் போய் உக்காந்தா நமக்குத்தான பெருமை?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, உங்களைப் பற்றி ரகசியமாக விசாரிக்க ஆள் வருவார்கள், பழைய ஜூனியர்களையும் கேட்பார்கள் என்றார். "ரெண்டு நல்ல வார்த்த சொல்லிடு. சார் உன்ன மறக்கல. கவர்மெண்ட் வக்கீல் லிஸ்ட்டுல உன் பேரயும் பாத்துக்கலாம்னு சொன்னாரு."

நான் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, அந்தப் பதவிக்காக நீங்கள் மேலே அனுப்பியிருக்கும் விவரக் குறிப்பின் நகல் ஒன்றையும் வைத்துவிட்டுப் போனார். மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது: 'மீனவப் பெண்கள் முப்பத்தோரு பேருக்காகக் கட்டணமின்றி நடத்திய வழக்கு.' அந்த முப்பத்தோரு பேரில் என் அம்மாவும் ஒருத்தி. அந்த வழக்கு எப்படி நடந்தது என்பதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். இடம் போதவில்லை போலிருக்கிறது. நான் எழுதிவிடுகிறேன்.

எங்கள் குப்பத்துப் பெண்கள் கருவாடு காயப்போடும் மணல் திட்டைப் பக்கத்து ரிசார்ட்காரர் தனதென்று சொன்னார். வழக்கு நடக்கும் வரை அவர் அதில் கை வைக்கக் கூடாது என்று முன்சீப் கோர்ட்டில் இடைக்காலத் தடை வாங்கியிருந்தோம். மனுவை எழுதியது நான். கையெழுத்துப் போட்டது நீங்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, ஆபீஸ் என்றால் அப்படித்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால், பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் எனக்குப் போன் செய்தீர்கள். "நாளைக்கு முன்சீப் கோர்ட் பக்கம் நீ போவ வேணாம். நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். சந்தோஷப்பட்டேன் சார். எங்கள் வழக்குக்கு நீங்களே நேரில் போகிறீர்கள் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

பதினான்காம் தேதி மூன்று முறை கூப்பிட்டார்கள். நம் பக்கம் யாரும் ஆஜராகவில்லை. வழக்கு தள்ளுபடியானது, அதோடு தடையும் போனது. பதினாறாம் தேதி காலையில் மணல் திட்டில் கம்பம் நட்டு வேலி போட்டுவிட்டார்கள். காய்ந்துகொண்டிருந்த மீனை வாரி வெளியே கொட்டினார்கள். அடுத்த மாதம் ரிசார்ட்காரருடைய அண்ணனின் மூன்று கேஸ் கட்டுகள் நம் ஆபீசுக்கு வந்தன. அவற்றுக்கு அட்டை போட்டு எண் எழுதியதும் நான்தான்.

வழக்கைத் திரும்ப எடுக்க மனுப் போட வேண்டும், அதற்கு ஒரு காரணம் வேண்டும். எல்லா ஆபீசிலும் ஒரே காரணம்தான்: ஜூனியர் தேதியைத் தப்பாகக் குறித்துவிட்டார். நீங்கள் வழக்குத் தேதி குறிக்கும் ஆபீஸ் டைரியை என் பக்கம் நகர்த்தி, உங்கள் பேனாவையே கொடுத்தீர்கள். நான் சரியாக எழுதியிருந்த பதினான்கில், நாலின் தலையை மூடி ஒன்பதாக்கினேன். பத்தொன்பது என்று குறித்திருந்ததால் போகவில்லை என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். "நீ சின்னப் பொண்ணு. ஜூனியர் தப்புன்னா கோர்ட்டு மன்னிச்சுடும். சீனியர் தப்புன்னா ஆபீஸையே மூடிட்டுப் போவணும்" என்றீர்கள். முகத்தில் கோபம்கூட இல்லை, எனக்கு ஏதோ தொழில் கற்றுக் கொடுப்பது போல இருந்தது. எட்டு மாதம் கழித்துத்தான் வழக்கை மறுபடி விசாரணைக்கு எடுத்தார்கள். அதற்குள் வேலி சுவராகி, சுவருக்குள் நீச்சல் குளமும் வந்துவிட்டது.

குப்பத்தில் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நீங்கள் கேட்டதே இல்லை. வழக்கில் முதல் வாதியான ராஜாம்பாள் அத்தை, பெரிய மார்க்கெட்டில் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து மீன் விற்பவர். "ஏய் ரஞ்சிதம், உன் பொண்ணுக்குத் தேதி பாக்கத் தெரியலன்னா ஒரு காலண்டர் வாங்கிக் குடுடி. காசு இல்லன்னா நான் தரேன்" என்று வாங்க வந்தவர்கள் நடுவில் கத்துவாராம். சொன்னதோடு விடவில்லை. அந்தப் பொங்கலுக்கு ஒரு நகைக்கடைக் காலண்டரைக் கொண்டுவந்து எங்கள் வாசற்கதவில் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனார். அம்மா அதைக் கழற்றவில்லை. "தப்பு பண்ணது நம்ம பொண்ணு, நாமதான் கேட்டுக்கணும்" என்றாள். இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். விசாரிக்கும் அதிகாரி வந்தார். சாதாரணச் சட்டை, கையில் சின்ன நோட்டு. நான்கே கேள்வி கேட்டார். குமாரவேல் சார் எப்படிப்பட்டவர், பழக்கவழக்கம் எப்படி, கட்சிக்காரர்களை எப்படி நடத்துவார், புகார் ஏதாவது உண்டா. பக்கத்தில் ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா சொல்லிக் குடுப்பாரு சார்" என்றேன். புகார் ஒன்றும் இல்லை என்று தலையாட்டினேன். எழுதிக்கொண்டு, டீயும் வேண்டாம் என்று போய்விட்டார்.

இந்தச் செய்தி உங்களுக்கு அன்றைக்கே வந்திருக்கும். சிரித்திருப்பீர்கள். நான் கடையில் மேசைக்கடியில் குனிந்து பேப்பர் தேடுவது போல வெகு நேரம் இருந்தேன். முதல் முறை நீங்கள் பேனா கொடுத்தீர்கள், பயந்து எழுதினேன். இந்த முறை யாரும் எதையும் கொடுக்கவில்லை. நானாகவே பொய் சொன்னேன். அது எனக்குப் பழகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்று மாலையே ராஜாம்பாள் அத்தை வீட்டுக்குப் போனேன். அம்மாவையும் கூட்டிப்போனேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுவார் என்று நினைத்துவிடாதீர்கள். "அந்தாளு சொன்னாரு, சரி. கையெழுத்து யாருது?" என்று கேட்டார். என்னுடையது என்றேன். "அப்ப நீயும் அவரும் ஒண்ணுதான். அவரு காரியக்காரரு, நீ பயந்தாங்கொள்ளி. அவ்ளோதான் வித்தியாசம்" என்றார். திரும்பி வரும் வழியில் அம்மா, "எங்கிட்டக்கூடவா சொல்லல?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு இன்று வரை என்னோடு பேசவில்லை. சோறு போட்டு வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

நேற்று முன்சீப் கோர்ட்டில் மனுக் கொடுத்தோம். வேறு வக்கீல் வைக்கலாம் என்று சொன்னதற்கு, "ஒரு வக்கீலு வெச்சுப் பட்டது போதும், நானே குடுக்கறேன்" என்றார் அத்தை. மணல் திட்டைப் பழைய நிலைக்குத் திருப்பக் கேட்டிருக்கிறார். அதோடு என் புதிய பிரமாணப் பத்திரமும் இருக்கிறது. போன் வந்தது, டைரி, நாலின் தலை, பேனா, எல்லாம் அதில் எழுதியிருக்கிறேன். முதல் பத்திரம் பொய் என்றும், அது தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன் என்றும் எழுதியிருக்கிறேன். இதன் நகலைச் சென்னை உயர் நீதிமன்றப் பதிவாளருக்கும் அனுப்பிவிட்டேன். அதிகாரியிடம் நான் சொன்ன பதில் உண்மையல்ல என்று தனியாக ஒரு பக்கமும் வைத்தேன்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களிடம்தானே படித்தேன். பொய் பத்திரம் கொடுத்தவளின் பேச்சை யார் நம்புவார்கள் என்பீர்கள். என்னிடம் சாட்சி ஒன்றும் இல்லை, நீங்கள் போனில் பேசியதற்குப் பதிவும் இல்லை. என் கறுப்புக் கோட்டைக் கழற்றச் சொல்லலாம், வழக்கும் போடலாம். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தக் கோட்டை அம்மா தன் கையால் துவைத்துத்தான் மாட்டுவாள், இஸ்திரிக்காரரிடம்கூடக் கொடுக்க மாட்டாள். இதெல்லாம் யோசித்துவிட்டுத்தான் எழுதினேன்.

ஜட்ஜ் பதவிக்குக் கொடுத்த சம்மதத்தை நீங்களே திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று முதலில் உங்களுக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். பிறகு விட்டுவிட்டேன். கேட்டால் அவகாசம் கேட்பீர்கள். வாய்தா வாங்குவதில் உங்களை மிஞ்ச இந்த ஊரில் ஆளில்லை. நாளைக்கு எங்கள் வழக்கு தோற்று மேலே மேலே போனால், கடைசியில் அந்த ஹைகோர்ட்டுக்குத்தான் வரும். அங்கே உட்கார்ந்து எங்கள் கட்டைப் பிரிக்கப்போவது நீங்களாக இருக்கக் கூடாது. அந்த நாற்காலி இன்னும் கொஞ்ச காலம் காலியாகவே இருந்தால் எங்கள் குப்பத்துக்கு நஷ்டமில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இப்போது நீங்கள் ஒரு காரணம் தேடுவீர்கள். நான் இல்லாததால் முருகையன் அண்ணன்தான் பக்கத்தில் இருக்கிறார். தேதியைச் சொன்னதே குமாஸ்தாதான், டைரி அவர் பொறுப்பு என்று ஒரு பத்திரம் தயாராகும். அவரும் மறுக்காமல் கையெழுத்துப் போடுவார். அவருக்குக் கல்யாண வயதில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். அவரிடம் டைரியை நகர்த்தாதீர்கள். அவர் கொண்டுவந்த ஸ்வீட்டை நான் சாப்பிட்டுவிட்டேன், அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்ப மனம் வரவில்லை. உங்களுக்கு இருக்கும் கோபத்தை என் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

முன்சீப் உங்களிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் ஏழாம் தேதி, காலை பத்தரை மணி. அதுவரை உங்களுக்குக் காய்ச்சல் வரக் கூடாது, ரத்த அழுத்தம் ஏறக் கூடாது, வண்டி பழுதாகக் கூடாது. எங்கள் கடலோர அம்மனுக்கு விளக்குப் போட்டு நான் வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் நல்ல உடம்போடு இருக்க வேண்டும் சார். கூப்பிடும்போது நீங்களே வந்து நிற்க வேண்டும். ஜூனியரை அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் ஜூனியர்,
ர. சங்கவி

இணைப்பு: பிரமாணப் பத்திரத்தின் நகல், நான்கு பக்கம். எல்லாப் பக்கத்திலும் என் கையெழுத்து இருக்கிறது.