இரட்டை மணி

அன்புள்ள பெரியவளுக்கு,

நானும் சின்னவளும் நலம். நீயும் நலம் என்று உன் வாயால் சொன்னால்தான் நம்புவேன், போனில் நீ சொல்லும் ஒற்றை "ம்"மை வைத்து நான் எதைத் தெரிந்துகொள்வது? பேச ஆரம்பித்தாலே இரண்டு பேரும் அழுதுவிடுகிறோம், அதனால்தான் சின்னவளைத் தூங்கவைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். படிப்பை நிறுத்திவிட்டு வந்துவிடுகிறேன் என்கிறாய், அப்பாவின் கடைசி நேரத்தில் என்னை ஏன் கூப்பிடவில்லை என்றும் கேட்கிறாய். உன் கோபம் நியாயம்தான் கண்ணு. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான், பொறுமையாகப் படி.

நீ படிக்கப் போன பிறகு உங்கப்பாவுக்குக் குரல் அடியோடு அடங்கிவிட்டது இல்லையா, பார்க்க வந்த கண்டக்டர் மாமா கட்டில் ஓரமாக ஓர் அழைப்பு மணியைப் பொருத்திக் கொடுத்தார். "இத்தனை வருஷம் நான் மணி அடிச்சேன், நீங்க பஸ் ஓட்டினீங்க. இனிமே நீங்க அடிங்க டிரைவரே, வீடு ஓடட்டும்" என்றார். அதே பஸ் கணக்குதான், ஒரு மணி என்றால் நில், இங்கே வா. இரண்டு என்றால் ரைட், போகலாம். ஆனால் அந்த மனுஷர் ஒற்றை மணி அடித்ததே அபூர்வம். அவர் இருமினாலே நான் கரண்டியோடு ஓடுவேன், அறைக்குள் கால் வைப்பதற்குள் டிங் டிங், ஒன்றுமில்லை, போய் வேலையைப் பார் என்று. நான் சாப்பிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் டிங் டிங். சின்னவள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாலும் டிங் டிங், அதற்கு அவள், "நான் இன்னும் பஸ்ல ஏறவே இல்லப்பா" என்பாள். அவர் சிரிக்கப் போய் அது இருமலில் முடியும், மூன்று பேரும் அவரைப் பார்க்க வரும் நர்ஸம்மாவிடம் திட்டு வாங்குவோம்.

கடைசி வாரம் எனக்குப் பயம் வந்துவிட்டது. உனக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அவர் காதருகே குனிந்து, "பெரியவளை வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலை மெல்ல நகர்த்தி ஒரு முறை அழுத்தினார். நான் போனைக் கையில் எடுத்து உன் நம்பரையும் தேடிவிட்டேன், அப்போதுதான் இன்னொரு முறை அழுத்தினார். அந்த இரண்டு மணிக்கும் நடுவில் அவர் உன்னைப் பார்க்க எவ்வளவு ஏங்கினார் என்று எனக்குத் தெரியும். ஏங்கிவிட்டுத்தான் உன்னை நிற்காமல் போகச் சொன்னார். நான் கல்லூரிக் கடைசிப் பரீட்சை எழுதும்போது கைக்குழந்தையான உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றவர் அவர். ஒரு நாள் உன் அழுகை உள்ளேவரை கேட்டது, எழுந்து போய்விடலாமா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தால், உட்கார் உட்கார் என்று கையைக் கையை ஆட்டுகிறார். அவர் உன்னைப் பாதியில் இறங்கவிடுவாரா?

எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே. கடிதம் கிடைத்ததும் பேசவேண்டாம், இரண்டு மிஸ்டு கால் கொடு, புரிந்துகொள்வேன். முடியவே இல்லை என்றால் ஒன்று மட்டும் கொடு. எந்த நேரமானாலும் சின்னவளைத் தூக்கிக்கொண்டு நானே வந்துவிடுகிறேன், நீ இறங்காதே.

மணிச் சத்தத்துக்குக் காத்திருக்கும்,
உன் அம்மா