சாம்பல் புள்ளிக்கு அடியில்

நவம்பர் 3, திங்கள்

காலையில் தம்பி வீடியோவில் வந்தான். முதல் கேள்வி, "கோவா சாப்பிட்டானா?" நான் நாயைத் தூக்கிக் கேமரா முன்னால் காட்டிய பிறகுதான் என் முகத்தையே பார்த்தான். அக்கா என்று ஒருத்தி இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது போல.

பாண்டிதுரை பட்டாளத்துக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. போன லீவு முடிந்து கிளம்பும்போது இந்த வெள்ளை நாயை என் பொறுப்பில் விட்டுப் போனான். பிறவியிலேயே அதற்குக் காது கேட்காது. தரையில் காலால் இரண்டு மிதி மிதித்தால் அதிர்வு தெரிந்து திரும்பும். அப்படிப் பழக்கியவன் அவன்தான். குட்டியாக வந்த முதல் நாளே பால்கோவாப் பொட்டலத்தைத் திருடித் தின்றதால் கோவா என்று பெயர். 21ஆம் தேதி துரை லீவில் வருகிறான்.

வேலையில் ஒரு புகார். எங்கள் ஆபீஸில் கடைகளுக்காக இணையத்தில் செய்துகொடுத்த மேப்பில் ஒரு ஓட்டல்காரரின் புள்ளி, டீக்கடைப் புள்ளிக்கு அடியில் மறைந்துபோகிறதாம். மறையத்தான் செய்யும். மேப்பைச் சிறிதாக்கிப் புள்ளிகள் நெருங்கினால் தெற்கே இருப்பது மேலே ஏறிக்கொள்ளும், வடக்கே இருப்பது அடியில் போய்விடும். கல்யாண போட்டோவில் முன்வரிசைக்காரர் பின்வரிசைக்காரரை மறைக்கிற மாதிரி. நாமாக ஒரு எண் கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். ஓட்டலுக்கு ஆயிரம் என்று எண் கொடுத்தேன், மேலே வந்துவிட்டது. பத்து நிமிஷ வேலை. மனுஷன் போன் போட்டு அப்படி நன்றி சொன்னார்.

நவம்பர் 6, வியாழன்

கோவாவைக் காணோம்.

நவம்பர் 7, வெள்ளி

நான்தான் காரணம். வேறு யாரையும் சொல்ல முடியாது. நேற்றுக் காலை பால் வண்டியில் பால் வாங்கிக்கொண்டு திரும்பியவள், ஆபீஸ் போன் அடிக்கிறதென்று கேட்டில் கொண்டி போடாமல் உள்ளே ஓடினேன். அரை மணி நேரம் பேசிவிட்டு வந்து பார்த்தால் கேட் விரியத் திறந்து கிடக்கிறது.

காது கேட்காத நாயை என்னவென்று கூப்பிடுவது? தெருத் தெருவாக ரோட்டை மிதித்துக்கொண்டே போனேன். பார்த்தவர்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். சேத்தூர், தளவாய்புரம் வரை ஸ்கூட்டரில் போய் வந்தேன். எங்கேயும் இல்லை.

அம்மா அடுப்பைக்கூடப் பற்ற வைக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அவன்கிட்டச் சொல்லிராத ஏட்டி. துப்பாக்கியும் கையுமா நிக்கிற புள்ள. மனசு வேற எங்கயும் போயிறக் கூடாது." சரிதான் என்று பட்டது. சாயங்காலம் துரை கூப்பிட்டான். கோவா தூங்குகிறது என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்.

நவம்பர் 8, சனி

அழுதுகொண்டிருந்தால் ஆகாது. எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். எங்கள் ராஜபாளையத்துக்கும் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சேர்த்து ஒரு மேப். நாயைப் பார்த்தவர்கள் பார்த்த இடத்தில் புள்ளி வைத்து இரண்டு வரி எழுதலாம். புதிதாக வருவது சிவப்பு. நான் விசாரித்து, கோவா இல்லை என்று தெரிந்தால் சாம்பல். மேலே போட்டோவும் அடையாளமும்: காது கேட்காது, தரையில் இரண்டு தடவை மிதித்தால் திரும்பும். ஊரில் உள்ள வாட்ஸப் குரூப் ஒன்றையும் விடவில்லை.

நவம்பர் 10, திங்கள்

பதினெட்டுப் புள்ளிகள். வெள்ளையாக நாலு காலில் நிற்கிற அம்புட்டும் கோவா என்று நினைத்துவிட்டார்கள். சேத்தூரிலிருந்து ஒருவர் ஆட்டுக்குட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். அழுகைக்கு நடுவிலும் சிரித்துவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் ஒரு புள்ளி. நம்பிப் போனேன். முதுகில் செவலைத் திட்டு உள்ள கிழட்டு நாய், பாவம், என்னைப் பார்த்து வாலாட்டியது. அந்தப் புள்ளியைச் சாம்பலாக்கிவிட்டு பஸ் ஏறினேன்.

துரை பேசினான். கோவாவைக் காட்டு என்று இன்று கேட்கவே இல்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. நனைந்துகொண்டு எங்கே நிற்கிறதோ.

நவம்பர் 13, வியாழன்

மூன்று நாளாக மேப்பில் புதிதாக ஒரு சிவப்பும் இல்லை. போனை எடுப்பது, இரண்டு ஊரையும் ஒரே பார்வையில் பார்ப்பது, எல்லாம் சாம்பல், வைப்பது. ஊர் மறந்துவிட்டது. இனி 21ஆம் தேதி வாசலில் நின்று அவன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வேன்? நாயைத் தொலைத்தது ஒரு பக்கம். பொய் சொல்லித் தினம் தினம் மறைத்ததை எப்படிச் சொல்வேன்?

நவம்பர் 14, வெள்ளி

சொல்லிவிட்டேன். நடந்ததை எல்லாம் இன்றே எழுத வேண்டும்.

காலையில் துரை கூப்பிட்டதும், அம்மா கையைக் காட்டித் தடுத்தும், கொட்டிவிட்டேன். கோவா காணாமல் போய் எட்டு நாள் ஆச்சுடா, கேட்டைத் திறந்து போட்டது நான்தான், தூங்குதுன்னு சொன்னது பொய்டா.

அவன் சொன்னான்:

"தெரியும்க்கா. எட்டாம் தேதியே நம்ம ஊர் குரூப்புல லிங்க் வந்துட்டு. நீயா சொல்லுவேன்னு இருந்தேன். நானாக் கேட்டா நீ ஒடஞ்சிருவ."

அதனால்தான் கோவாவைக் காட்டச் சொல்லவில்லை. நான் பொய் சொல்லக் கூடாது என்று அவன் கேள்வியையே நிறுத்தியிருக்கிறான். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவன் அழவிட்டு, பிறகு மெதுவாகக் கேட்டான்:

"மூணு நாளா ஒண்ணு கேக்கணும்னு கெடக்கேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு சாம்பல் புள்ளி இருக்குல்லா, அதுக்கு அடியில செவப்பா ஒண்ணு எட்டிப் பாக்குது. தொட்டா சாம்பல்தான் தெறக்கு. பெருசாக்குனா இங்க நெட்டு சுத்திக்கிட்டே கெடக்கு. அது என்னதுக்கா?"

மேப்பைத் திறந்து தேரடியைப் பெரிதாக்கினேன். கிழட்டு நாயின் சாம்பல் புள்ளி தெற்கே நகர்ந்தது. ஒரு தெரு வடக்கே, சிவப்பு. ஒன்றல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சிவப்பு. 11, 12, 13 என்று தேதி. பால்கோவா கிண்டும் பாலம்மாள் என்று பெயர். முதல் நாள் எழுதியிருந்தது:

"காலால ரெண்டு மிதி மிதிச்சேன். திரும்பிப் பாத்துச்சு."

யாரோ ஓட்டல்காரருக்குப் பத்து நிமிஷத்தில் செய்துகொடுத்ததை எங்கள் கோவாவுக்குச் செய்ய மறந்திருக்கிறேன். வந்ததைப் பட்டியலாகத் திறந்து பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். மேப்பையே வெறித்துக்கொண்டிருந்தேன். முட்டாள், முட்டாள்.

ஆட்டோ பிடித்து அம்மாவும் நானும் போனோம். பெரிய சட்டிக்குப் பக்கத்தில், விறகடுப்புச் சூட்டில், முகத்தை முன்னங்காலில் வைத்துப் படுத்திருந்தது. இளைத்திருந்தது. நான் இரண்டு மிதி மிதித்தேன். திரும்பியது. வந்து என் வயிற்றில் முட்டியது. அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பாலம்மாள் அக்காவுக்கு எழுபது கிலோ எடையும் பெரிய சிரிப்பும். ஆறாம் தேதி பால் வண்டியிலிருந்து கோவா கேனோடு கேனாக இறங்கியதாம். யாரையும் தொட விடாதாம், சட்டிச் சுரண்டலை மட்டும் வாங்கிக்கொள்ளுமாம். மருமகளை விட்டுத்தான் புள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறாள். "மூணு நாளாப் போட்டோம்மா, ஒருத்தரும் வரல. செரி, நம்மளே வச்சுக்கிடுவோம்னு இருந்தேன்" என்றாள். கிளம்பும்போது கோவா போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நவம்பர் 16, ஞாயிறு

சிவப்புக்கெல்லாம் ஆயிரம் என்று எண் கொடுத்து மேலே தூக்கிவிட்டேன். மேப்பை அழிக்கவில்லை. தளவாய்புரத்தில் ஒரு வீட்டில் பூனையைக் காணோமாம், மேப்பைக் கேட்டார்கள், கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 21, வெள்ளி

துரை வந்தான். கேட்டுக்கு வெளியே நின்று இரண்டு மிதி மிதித்தான். உள்ளே படுத்திருந்த கோவா அம்மா காயப்போட்டிருந்த வடகத்தை எல்லாம் மிதித்துக்கொண்டு ஓடியது. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. நாளை எல்லோரும் பாலம்மாள் அக்கா வீட்டுக்குப் போகிறோம், கோவாவும்தான்.

டிசம்பர் 27, சனி

துரை திரும்பிப் போய் நான்கு நாளாகிறது. இன்று கோவா அவனுடைய புது ஷூவில் ஒன்றைக் கடித்துக் குதறிவிட்டது. அடுத்த லீவுக்குள் வேறு ஜோடி வாங்கி வைத்துவிடலாம், அவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்றாள் அம்மா.

அவள் சொல்லி முடிப்பதற்குள் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பிவிட்டேன்.