பெண்கள் வரலாற்றை ஆண்கள் பார்த்துவிட்டு வந்தது பற்றி

அனுப்புநர்:
திருமதி டொறீன் ரபாயேல்,
செயலாளர், விடிவெள்ளி மாதர் சங்கம்,
உக்குவளை.

பெறுநர்:
மாதர் நிகழ்ச்சிப் பொறுப்பு உத்தியோகத்தர் அவர்கள்,
மாத்தளை.

விடயம்: எங்கள் உறுப்பினர் ஹவ்வா உம்மா குவைத்துக்குப் புறப்படுமுன் "பண்டைய இலங்கையில் பெண்கள்" சுற்றுலாவை மறுபடி நடத்தித் தருமாறு கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

மகளிர் தினத்துக்கென்று எங்கள் சங்கத்தைக் கலேவெலப் பக்கத்து இடிபாடுகளைப் பார்க்க அனுப்பி வைத்தீர்கள். அதற்கு முதலில் நன்றி. சும்மா சொல்லக்கூடாது, பஸ் நல்ல பஸ். புகார் பஸ்ஸைப் பற்றியதல்ல.

1. நாட்டு நிலைமை சரியில்லை, பெண்களைத் தனியே விட முடியாது என்று எங்கள் கணவன்மார் பாதுகாப்புக்கு வந்தார்கள். வழியில் சோதனைச் சாவடியில் எங்களை ஆசனத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டு, பாதுகாப்புக்கு வந்தவர்களை மட்டும் இறக்கி வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். என் கணவர் திரு. ரபாயேல் அடையாள அட்டையை வேறு களிசான் பைக்குள் விட்டுவிட்டு வந்திருந்தார். நானும், அக்கா முறையில் லாத்தா என்று நாங்கள் கூப்பிடும் ஹவ்வா உம்மாவும் இறங்கிப்போய், தெரிந்த சிங்களத்தையெல்லாம் கொட்டிக் கெஞ்சி அவரை மீட்டு வந்தோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவர் கேட்டது, பகல் சாப்பாட்டுக்கு என்ன கறி என்று.

2. போய்ச் சேர்ந்ததும் சட்டி பானைகளை இறக்கினோம். எங்களுக்குத் தவக்காலம், இறைச்சி ஆகாது. முஸ்லிம் சகோதரிகள் கோழி கொண்டுவந்திருந்தார்கள். ஆகவே இரண்டு அடுப்பு. உலை கொதிப்பதற்குள் இடம் பத்திரமானதா என்று பார்த்துவிட்டு வருவதாகக் கூறி, ஆண்கள் அத்தனை பேரும் வழிகாட்டி ஐயாவோடு கிளம்பினார்கள். பெண்கள் எங்கே என்று அவர் கேட்டாராம். பின்னால வாறாங்க என்றாராம், ஹவ்வா லாத்தாவின் கணவர் ஜமால்தீன் நானா. அந்த மனிதரும் பாவம், நம்பிவிட்டார்.

நாங்கள் புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க, அரசிகள் குளித்த குளம், பிக்குணிகள் இருந்த மடம், தன் பெயரைக் கல்லில் வெட்டித் தானம் கொடுத்த பெண் என எல்லாமே எங்கள் கணவன்மாருக்கு விளக்கமாகக் காட்டப்பட்டன. திரும்பி வந்து சாப்பிட்டார்கள். கோழிச் சட்டியைக் கண்டதும் திரு. ரபாயேலுக்குத் தவக்காலம் மறந்துபோயிற்று. நாங்கள் சட்டி கழுவி முடிக்கையில், இருட்டுமுன் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும் என்று சாரதி மக்கீன் ஹோன் அடித்தார். ஏறிவிட்டோம்.

3. அத்தோடு விட்டார்களா என்றால் இல்லை. நான் உடுப்புத் துவைக்கையில் என் கணவர் பக்கத்தில் நின்று, அந்தக் காலத்துப் பெண்களுக்கு எவ்வளவு உரிமை இருந்தது என்று எனக்குப் படிப்பிக்கிறார். கடந்த கூட்டத்தில் "நான் அறிந்துகொண்டவை" பற்றிப் பேச யாராவது வரலாம் என்று தாங்கள் அழைத்தபோது எழுந்து போய்ப் பேசியவரும் அவரே. தாங்களும் கை தட்டினீர்கள். சுற்றுலாவில் கலந்துகொண்டதற்கென்று என் பெயருக்குத் தந்த சான்றிதழை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பெயரை மாற்றி அவருக்கே கொடுத்துவிடுங்கள்.

4. இனிச் சொல்வது பகிடி அல்ல. அந்த இடிபாடுகளில் ஒரு செங்கல்லில் ஒரு பெண்ணின் உள்ளங்கை பதிந்திருக்கிறதாம். தாங்கள் அனுப்பிய நோட்டீசில் இதை நான் வாசித்துக் காட்டிய நாள் முதல், அதன்மேல் தன் கையை ஒருதரம் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஹவ்வா லாத்தா சொல்லிக்கொண்டே இருந்தார். அவரும் கல்யாணத்துக்கு முன் செங்கல் அறுத்தவர். அந்தக் கை சின்னக் கை என்கிறார் என் கணவர். இல்லை, பெரியது என்கிறார் ஜமால்தீன் நானா. ஒரு கையைக்கூட ஒழுங்காகப் பார்த்து வரத் தெரியாத இவர்களைக் கேட்டு என்ன பயன்? சித்திரைப் புதுவருஷம் கழிந்த கையோடு லாத்தா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறார். அங்கேயும் அடுப்படிதான்.

ஆகையால் ஐயா, அவர் போகுமுன் ஒரே ஒரு நாள் அந்தப் பஸ்ஸை எங்களுக்குத் தாருங்கள். ஆண்களும் வரட்டும், இரண்டு அடுப்பையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். என் கணவர் சம்மதித்துவிட்டார். அவருடைய அடையாள அட்டை இப்போது என்னிடம்தான் இருக்கிறது.

தங்கள் பதில் வரும்வரை சட்டி பானைகளைக் கட்டியே வைத்திருக்கும்,

டொறீன் ரபாயேல்
உக்குவளை
22.03.1999

பி.கு.: ஹவ்வா லாத்தாவைக் கையொப்பமிடச் சொன்னேன். அவர் மையைத் தடவி உள்ளங்கையையே கீழே பதித்துவிட்டார். கடதாசி அழுக்கானதற்கு மன்னிக்கவும். அவர் போகுமுன் பஸ் கிடைக்காவிட்டால், தாங்கள் அந்தப் பக்கம் போகும்போது இந்தக் கடதாசியை அந்தச் செங்கல்லின்மேல் வைத்துப் பாருங்கள். பொருந்துகிறதா என்று அறியத்தந்தால் குவைத்துக்கு எழுதிவிடுவேன்.