திருகோணமலையில் ஓர் அறை, இரண்டு பேருக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
ஜூலை, கடைசி ஞாயிறு

அன்பின் மகன் ராகுலனுக்கு,

அம்மா சுகம். நீயும் தனுஷியாவும் சின்னவளும் அங்கே சுகமாயிருக்க வேண்டும்.

போன கிழமை ரெலிபோனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, அறுபத்தஞ்சு வயசில உங்களுக்கு உந்தப் பாய்வள்ளம் தேவையோ?" என்றாய். நான் பதில் சொல்ல வாயெடுக்க உனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. ரெலிபோனில் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் வெட்டித்தான் கதைக்கிறோம். அதனால் பதிலைத் தாளில் எழுதி, படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். தாளை நீ இடையில் வெட்ட முடியாது.

முதலில் உன் கேள்வி. வாழ்நாளெல்லாம் நான் புவியியல் படிப்பித்தேன். கரும்பலகையில் இலங்கைப் படம் கீறி, தென்மேற்கிலிருந்து நாலு அம்புக்குறி, வடகிழக்கிலிருந்து நாலு அம்புக்குறி போடுவேன். எனக்குக் காற்று என்றால் அம்புக்குறிதான். பொல்கொட வாவியில் முதல் நாள் வள்ளத்தில் ஏறி, பாயின் கயிற்றைக் கையில் பிடித்தபோது, அந்த அம்புக்குறி என்னைத் தோளோடு பிடித்து இழுத்தது. கறி வைப்பது எப்படி என்று வருடக்கணக்காகப் பாடம் எடுத்துவிட்டு, ஒரு நாள்தான் உப்புப் பார்த்தவளைப் போல இருந்தது. தேவையோ என்று கேட்டால், ஓம் மகன், தேவை.

என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனது நளீபா அன்ரி என்பது உனக்குத் தெரியும். நான் புவியியல் படிப்பித்த அதே பாடசாலையில் அவர் விஞ்ஞானம் படிப்பித்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வெள்ளவத்தையில் ரயில் ஏறி அவருக்கு இடம் பிடிப்பேன். அவர் தெஹிவளையில் ஏறுவார். எங்கள் வள்ளத்தில் அவர் சுக்கான், நான் முன்பாய். எத்தனையோ முறை புரண்டுவிட்டோம். முதல் முறை புரண்டபோது நான் தண்ணீருக்குள் கிடந்து நல்லூர்க் கந்தசுவாமியைக் கூப்பிட, நளீபா வள்ளத்தின் மறுபக்கத்தில் தொங்கிக்கொண்டு, "டீச்சர், அவரு வரட்டும், அதுக்கு முந்தி நீங்க அந்தக் கயித்த விடுங்க" என்று கத்தினார். கயிற்றை விட்டேன். வள்ளம் நிமிர்ந்தது. மிதவைச் சட்டை இல்லாமல் ஒருநாளும் ஏறுவதில்லை. நீ பயப்படுவாய் என்பதால் இதையும் எழுதுகிறேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். ஓகஸ்ட் நடுவில் திருகோணமலையில் சிறு பாய்வள்ளங்களுக்கான தேசியப் போட்டி நடக்கிறது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு தனிப் பிரிவு உண்டு. அதில் இரண்டு பெண்கள் சேர்ந்து ஓட்டும் வள்ளம் எங்களுடையது ஒன்றுதான். போன வருடம் பொல்கொடவில் நடந்த சிறிய போட்டியில் கடைசியாக வந்தோம். இம்முறையும் கடைசியாக வரலாம். ஆனால் வருவோம்.

வள்ளத்தைக் கொண்டுபோக வழி கிடைத்துவிட்டது. எங்கள் பாய்வள்ளக் கழகத்தின் இழுவை வண்டியில் இளம் பிள்ளைகளின் வள்ளங்களே நிறைந்துவிட்டன. எங்களுக்கு இடமில்லை என்று கைவிரித்தார்கள். நளீபா சும்மா இருப்பாரா? கிராண்ட்பாஸில் தளபாடம் ஏற்றி இறக்குகிற ராமையா என்பவரைப் பிடித்தார். அவர் வந்து வள்ளத்தைச் சுற்றிப் பார்த்தார். பாய்மரம் லொறியைவிட நீளம். "ஏங்கம்மா, இது எந்தக் கோயில் கொடிமரம்?" என்று கேட்டார். நளீபா சிரித்த சிரிப்பில் எனக்கும் அடக்க முடியவில்லை. மரத்தின் நுனியில் சிவப்புத் துணி கட்டி, வெளியே நீட்டியபடி கொண்டுபோகலாம் என்று முடிவு. நாங்கள் இருவரும் முதல் நாளே பஸ்ஸில் போய், லொறி வரும்போது கடற்கரையில் நிற்போம்.

இவ்வளவும் சுகமாக நடந்தது. கொழுவல் வந்தது தங்குமிடத்தில்.

என் பிறந்தநாளுக்கென்று நீ உன் கார்ட்டில் கடற்கரைப் பக்கமாக ஓர் அறை பதிந்து தந்தாய். இரண்டு கட்டில், யன்னலால் கடல் தெரியும் என்று படமும் அனுப்பினாய். நளீபா அந்தப் படத்தை ரயிலில் பக்கத்துச் சீட்டு மனுசிக்கும் காட்டினார். அதன் பிறகு நான் ஒரு பிழை விட்டேன். எங்கள் ஆட்கள் மட்டும்தான் இப்படிப் பிழை விடுவார்கள். சவுந்தரநாயகம் மாமா திருகோணமலையில் இருக்க, அவருக்குச் சொல்லாமல் அந்த ஊருக்குப் போய் வந்தால் குறை. ஆகவே ரெலிபோன் எடுத்து, "அண்ணை, ஓகஸ்டில் வாறன், அறை எடுத்தாச்சு, சிரமப்பட வேண்டாம்" என்றேன். எங்கள் வழக்கத்தில் சிரமப்பட வேண்டாம் என்றால் சிரமப்படுங்கோ என்றுதான் அர்த்தம். சொல்லாவிட்டால் குறை, சொன்னால் தங்க வேண்டும். இது தெரிந்தும் எடுத்தேன்.

"சொந்தத் தமையன் இருக்கேக்க லொட்ஜில நிப்பியோ தங்கச்சி? சனம் என்ர முகத்தில காறித் துப்பாதோ?" என்றார் அண்ணை. பெரியம்மாவின் மகன் என்றாலும் எனக்குக் கூடப்பிறந்தவர்தான். என் கலியாணத்தில் தலைவாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றவர். சரி அண்ணை, நானும் நளீபாவும் உங்களிடமே வருகிறோம் என்றேன்.

நளீபாவின் பெயரைக் கேட்டதும் காரணம் வந்தது. நல்லூர்க் கொடி ஏறியிருக்கும், வீட்டில் மச்சம் மாமிசம் புழங்காத காலம், அவவுக்குச் சாப்பாடு சரிவராது என்றார். நளீபா ஒவ்வொரு வருடமும் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் என் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் சாப்பிட்டு, "இன்னும் கொஞ்சம் பருப்பு வைங்க" என்று கேட்கிறவர். அதைச் சொன்னேன். உடனே அடுத்த காரணம்: டவுனில் தனக்குத் தெரிந்த ஒரு முதலாளி குடும்பம் இருக்கிறது, அவர்களும் முஸ்லிம்கள், அவவுடைய ஆட்கள்தான், அங்கே விட்டால் அவவுக்கும் வசதி. பூசையறை உள்ள வீட்டில் மாமிக்கும் சங்கடமில்லை.

ராகுலன், அண்ணை கெட்டவர் அல்ல. அந்த ஊர் கலவரங்களில் பட்டதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். எந்தப் பக்கத்தால் யார் வீட்டை எரித்தார்கள் என்று அவர் எனக்குப் பாடம் எடுக்கலாம், நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் நளீபா எந்த வீட்டையும் எரித்தவர் அல்ல. அவரை ஒரு முதலாளி வீட்டு வாசலில் பார்சலைப் போல இறக்கிவிட்டு நான் மாமா வீட்டுக்குப் போக மாட்டேன் என்று சொன்னேன். "அப்ப பிறகு என்ர படி மிதிக்க வேண்டாம்" என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு அவர் உனக்கு எடுத்தார். நீ எனக்கு எடுக்கவில்லை. அடுத்த நாள் காலையில் என் ரெலிபோனில் அறை இரத்து என்று வந்திருந்தது. அதன் கீழே நீ எழுதியிருந்தாய்: "அம்மா மாமா வீட்டில நில்லுங்கோ. நளீபா அன்ரிக்கு மாமா இடம் பார்ப்பார். சொந்தத்துக்குள்ள பிரச்சினை வேண்டாம்."

நளீபாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு ரயில் நிலையம் வரை யோசித்தேன். பிறகு சொன்னேன். "மகன் கனடாவில ஈந்துக்கிட்டே எங்கட ரூமைப் பூட்டிட்டாரா? நல்ல நீளமான கைதான்" என்றார் அவர். அதன் பிறகு மெதுவாக, "டீச்சர், நான் அந்த முதலாளி ஊட்டுல நிக்கிறன். பாவம், அண்ணன் தங்கச்சி கோவம் வாணாம்" என்றார். அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. நீயும் மாமாவும் சொன்னபோது வராத கோபம். அவர் விட்டுக்கொடுக்க வேண்டிய காரணம் என்ன? அவருடைய வீட்டிலும் சண்டைதான். "பொம்புளயள் ரெண்டு பேர் தனியா ஹோட்டல்ல தங்குறதா?" என்று அவருடைய புவாத் நானா குதித்திருக்கிறார். "தனியா இல்ல நானா, டீச்சர் ஈக்கிறா" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டு வந்தவர் அவர். எனக்காகத் தன் தமையனை எதிர்த்தவர், என் தமையனுக்காகத் தன்னை ஒதுக்கப் பார்த்தார். விடுவேனா?

அன்றே திருகோணமலையில் உப்புவெளிப் பக்கமாக இருந்த எல்லாத் தங்குமிடங்களுக்கும் எடுத்தேன். போட்டிக் காலம், எல்லாம் நிறைந்துவிட்டது. கடைசியாக ஒரு வீட்டுக்காரம்மா கிடைத்தார். மேல்மாடியில் ஓர் அறை, ஒரு மின்விசிறி, ஏசி இல்லை. எத்தனை பேர் என்று கேட்டார். பென்ஷன் எடுத்த இரண்டு டீச்சர்மார், ஒரு வள்ளம் என்றேன். "வள்ளத்துக்கு அறை இல்லை டீச்சர், முத்தத்தில நிக்கட்டும்" என்றார். உடனே அவரைப் பிடித்துவிட்டது எனக்கு. இம்முறை என் பென்ஷனில் முற்பணம் கட்டினேன். இதை ரொரன்ரோவிலிருந்து யாரும் இரத்துச் செய்ய முடியாது.

ஒரே இடத்தில் தங்கத்தான் வேண்டுமா, பகலில் சேர்ந்து ஓட்டினால் போதாதா என்று நீ கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். காற்று கூடும்போது வள்ளம் ஒரு பக்கம் சரியும். அப்போது இரண்டு பேரும் ஒரே நொடியில் மறுபக்க விளிம்பில் அமர்ந்து, முதுகு தண்ணீரில் முட்ட வெளியே சாய வேண்டும். "இப்ப" என்று சொல்ல நேரமிருக்காது. மற்றவர் சாய்வார் என்று தெரிந்து சாய வேண்டும். அந்த நம்பிக்கை கரையில்தான் உண்டாகும். ஒரு தேநீர்ப் போத்தலைப் பகிர்வதில், ஈரச் சட்டையைப் பிழிந்து தருவதில், காலையில் ஒரே யன்னலால் கடலைப் பார்ப்பதில். கரையில் அவரை வேறு வாசலுக்கு அனுப்பிவிட்டு, கடலில் என் உயிரை அவர் கையில் எப்படிக் கொடுப்பேன்?

இன்னொன்றையும் எழுதாமல் விட முடியாது. அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உனக்கு விசா கிடைக்கவில்லை. அது உன் பிழையல்ல. அந்த நாட்களில் என்னோடு இந்த வீட்டில், பூசையறைக்கு அடுத்த அறையில், ஒரே பாயில் படுத்தவர் நளீபா. அப்பாவுக்குக் கஞ்சி கரைத்துக் கொண்டுபோனவர் அவர். அவர்தான் ரெலிபோனை அப்பாவின் காதில் வைத்துப் பிடித்தார், நீ அப்பாவோடு கதைக்க. பிறகு நீ அவரிடம், "அன்ரி, நீங்கள் இல்லாட்டி அம்மா என்ன செய்திருப்பா" என்று அழுதாய். அப்போது ஒரே கூரை யாருக்கும் குற்றமாகத் தெரியவில்லை. துக்கத்துக்குச் சரியாக இருந்த கூரை சந்தோசத்துக்கு ஏன் சரிவராது, மகன்?

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு, அம்மாவைச் சொந்தக்காரர் வீட்டில் வைத்துவிட்டால் ஒரு நிம்மதி. எனக்கு விளங்குகிறது. ஆனால் நான் நிம்மதிக்காக எங்கேயும் வைக்கிற சாமான் இல்லை.

நான் போகிறேன், நளீபாவோடுதான் போகிறேன். அதில் மாற்றமில்லை. அண்ணை கதைக்காமல் விட்டால் எனக்கு நோகும், ஆனாலும் போவேன். அவரை இழக்கவும் எனக்கு விருப்பமில்லை. எங்கள் தலைமுறையில் எனக்கென்று மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். நான் எடுத்தால் வைத்துவிடுகிறார். உன் சொல்லை அவர் தட்ட மாட்டார். அறையை இரத்துச் செய்ததும் நீ தன் பக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். போட்டி முடிகிற நாள் மத்தியானம் ஒரு நேரச் சாப்பாட்டுக்கு வர எனக்கு ஆசை. ஆனால் இரண்டு பேரும் வருவோம், அல்லது இரண்டு பேரும் வர மாட்டோம்.

நல்லூரான் உன்னையும் உன் குடும்பத்தையும் காக்கட்டும். சின்னவள் பயமறியாமல் வளரட்டும்.

இன்றைக்கு வேலை முடிந்து வந்ததும், முதலில் நளீபா அன்ரியின் முகத்தை நினைத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பழகு. பிறகு திருகோணமலைக்கு எடுத்து, அதே சத்தத்தில் சொல்லிப் பார்: "மாமா, அம்மாவும் அன்ரியும் சேர்ந்துதான் வருவினம். ரெண்டு இலை போடுங்கோ."

அன்புள்ள அம்மா,
கனகேஸ்வரி