முழுசாக எடுக்கச் சொல்லிவிட்டேன்

வீட்டு மகாராணிக்கு,

நீயும் அம்மாவும் பாப்பாவும் சுகம்தானே? உன் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

கம்பெனியில் எல்லோருக்கும் செய்த பரிசோதனையில் எனக்கு மலத்தில் ரத்தம் தெரிந்தது. ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு சதை தட்டையாகப் படர்ந்திருக்கிறது. பார்த்தவரை புற்றுநோய் இல்லையாம், விட்டுவைத்தால் ஆகலாமாம். வயிற்றைக் கிழிக்காமல் குழாய் வழியாகவே எடுத்துவிடலாம்.

டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். "துண்டு துண்டா எடுத்தா சீக்கிரம் முடியும், ஆபத்தும் கம்மி. ஆனா ஓரத்துல மிச்சம் இருந்தா திரும்ப வளரும். அடியோட உரிச்சு ஒரே துண்டா எடுத்தா மூணு மணி நேரம் ஆகும், குடல்ல ஓட்டை விழ வாய்ப்பு கொஞ்சம் கூட. ஆனா புத்து உள்ளே இறங்கியிருக்கான்னு முழுசா சோதிச்சுச் சொல்லிடலாம்."

"முழுசாவே எடுத்துடுங்க. மிச்சம் வெச்சா வீட்டுக்காரி திட்டுவா" என்றேன். அவர் சிரித்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

வருகிற வியாழக்கிழமை காலையில் செய்கிறார்கள்.

அப்பாவுக்குக் கடைசியில் வயிற்றில் வந்தது என்னவென்று அம்மாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டு வை. குடும்பத்தில் யாருக்காவது இந்த மாதிரி இருந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். எனக்காகக் கேட்பதாகக் காட்டிக்கொள்ளாதே.

என் அறையில் இருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணன் ஊருக்குக் கிளம்பி, பெட்டியைப் பூட்டாமல் இந்தக் கடிதத்துக்காக நிற்கிறார். பயமாக இருக்கிறது. வாயால் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். புதன்கிழமை சாயங்காலம் போன் பண்ணு. தைரியமெல்லாம் சொல்ல வேண்டாம், பாப்பா அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன செய்தாள் என்று மட்டும் சொல்லு.

உன் வீட்டுக்காரன்