லாக்கடியில் ஒரு பலகை

மார்ச் 4

என் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். உன் சர்க்கரை அடங்கியதா?

நேற்று பேத்தி என்னைப் பழைய கால்வாய்க்குக் கூட்டிப்போனாள். படகை ஏற்றி இறக்குகிற லாக்குத் தொட்டிக்குள் தண்ணீர் இல்லை, ஆளுயரத்துக்கு நாணல். மேல்கதவு சாய்ந்து கிடக்கிறது. நாங்கள் குடியிருந்த வீட்டுக்குக் கூரையே இல்லை. அது போகட்டும். புதிதாக ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். அதில் உன் படம், 'கடைசி லாக்குக்காரர்' என்று. கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறாய். அதற்குக் கீழே, 'மேல்கதவில் நின்றவரின் அஜாக்கிரதையால் படகு கவிழ்ந்தது' என்று ஒரு வரி.

"தாத்தாவா பாட்டி?" என்று கேட்டாள் பேத்தி.

வேலை போய், வீட்டைக் காலி செய்து, அந்தப் பழியோடுதான் உன் அத்தான் செத்தார். இன்னும் என்ன பாக்கி? அந்த வரியை எடுக்கச் சொல். நீ சொன்னால் கேட்பார்கள்.

உன் அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

சர்க்கரை அப்படியேதான். உன் கோபமும் அப்படியேதான்.

பலகை வைத்த சங்கத்துக்காரர்கள் வந்து கேட்டார்கள், நடந்ததைச் சொன்னேன். படகின் பின்பக்கம் மேல்கதவடியில் இருக்கும் கல்படிக்கு மேலே நிற்கும்போது தண்ணீரை இறக்கினால் படகு அதில் தொங்கிக் கவிழ்ந்துபோகும். அதனால் படகை முன்னால் இழுத்துவிட்டு மேல்கதவுக்காரர் சொல்ல வேண்டும், அப்புறம்தான் நான் கீழ்கதவைத் திறக்க வேண்டும். "திறடா"ன்னு அத்தான் கத்தினது இன்னும் என் காதில் இருக்கிறது. கத்தினார், திறந்தேன். விசாரணையிலும் இதைத்தான் சொன்னேன்.

போனதை விடு. ஞாயிற்றுக்கிழமை பலகைக்குத் திறப்பு விழா. முன்வரிசையில் உனக்கு நாற்காலி, வாசலுக்குக் கார் வரும்.

தம்பி

மார்ச் 19

உன் கடிதத்தை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்தேன்.

கத்தினாரா?

அந்த வாரம் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு ஒரு சொல் வெளியே வரவில்லை. சோறு வேண்டுமென்றால் தட்டைத் தட்டினார். "இப்பத்தான் அக்கா நிம்மதியா இருக்கா"ன்னு நீதானே கேலி செய்தாய். அன்று காலையில் என் சிவப்புத் துண்டைக் கேட்டு வாங்கிப்போனார். துண்டை ஆட்டினால்தான் நீ திறக்க வேண்டும் என்று உங்களுக்குள் பேச்சு.

அந்தத் துண்டை நீ பார்த்திருந்தால் துண்டைத்தான் சொல்லியிருப்பாய். நீ மேலே பார்க்கவே இல்லை.

விசாரணைக்கு என்னை விடவில்லை. நீ அங்கே என்ன சொன்னாய் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. என்னதான் நடந்தது என்று அவரைக் கேட்டபோதெல்லாம், "உன் தம்பி நல்லா இருக்கட்டும்"னு மட்டும் சொல்வார். தொண்டை சரியான பிறகும் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு நீ ஒரே தம்பி, அதனால்.

காரை அனுப்பாதே. நான் சொல்லச் சொல்ல, பேத்தி சங்கத்துக்காரர்களுக்கு எழுதிவிட்டாள். அவர்கள் மாற்றினாலும் சரி, மாற்றாவிட்டாலும் சரி. நான் கண்ணை மூடினால் உனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
மேல்கதவுக்காரர் மனைவி