நீ வளர்த்த சாயச்சேம்பு

இன்று காலை அஸ்தம்பட்டியில் ஒரு பெரிய அதிகாரியின் பங்களாவில் காத்திருந்தேன். ரயில்வே கூட்ஸ் ஷெட் காகிதங்களில் அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் குளித்து, சாப்பிட்டு, பத்திரிகையில் யுத்தச் செய்தி முழுவதையும் படித்து முடிக்கும் வரை வராந்தாவில் நிற்பதுதான் குமாஸ்தா உத்தியோகம். நின்றபடியே திரும்பினால், தூணோரத் தொட்டியில் அது இருந்தது. நடுவில் குங்குமச் சிவப்பு, ஓரத்தில் பச்சை, சேம்பிலை மாதிரி தலை கவிழ்ந்த இலை. நம் வீட்டு ஜன்னலோரம் நீ வளர்த்த அதே செடி. கிட்டே போய் ஓர் இலையை விரலால் தொட்டேன். "தொடாதீங்க ஐயா, தொரசாணி பார்த்தா என்னையத்தான் வைவாங்க" என்றான் அங்கிருந்த சேவகன். கையை எடுத்துக்கொண்டேன். சூரமங்கலத்துக்கு எப்படித் திரும்பி வந்தேன் என்பது கூடச் சரியாக நினைவில்லை.

வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். உனக்குப் படிக்கத் தெரியாது. நீ இருந்த காலத்திலேயே உனக்கு ஒரு வரி எழுதாதவன், போனபின் எழுதுகிறேன். நீ இருந்தால் சிரிப்பாய். சிரித்துக்கொள்.

நம் ரயில்வே லைன் வீடுகளில் அடுத்த வரிசையில் இருந்த வெள்ளைக்கார எஞ்சின் டிரைவர் துரையின் சம்சாரம், மாற்றலாகிப் போகும்போது அந்தச் செடியை உன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். "வெயில் வேணாம், நிழல் வேணும், தண்ணி கொஞ்சம்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். செடியின் பெயரையும் சொன்னாள். அது நம் இருவர் வாயிலும் நுழையவில்லை. நீயே சாயச்சேம்பு என்று பெயர் வைத்தாய். "சாயத்துல முக்கி எடுத்த மாதிரி இருக்குதில்லீங்க?" என்று கேட்டாய். எனக்கு அப்போது பசி. இருக்கிறது, இருக்கிறது, சோற்றைப் போடு என்றேன்.

சேலம் வெயிலில் மனிதர்களே வாடிக் கிடக்கும்போது, மலைக்குளிரில் வளர வேண்டிய மாதிரித் தெரிந்த அதை நீ வீட்டுக்குள் வைத்துப் பிழைக்க வைத்தாய். பழைய சோற்றுச் சட்டியின் அடியில் ஓட்டை போட்டு, புளியமரத்தடி மக்குமண்ணும் மணலும் கலந்து நிரப்பினாய். கிழக்கு ஜன்னலோரம் வைத்தாய். வெயில் ஏறினால் ஜன்னலில் சாக்கை நனைத்துத் தொங்கவிடுவாய். செடி வெளிச்சத்தின் பக்கமே சாய்கிறது என்று சட்டியைத் தினம் கொஞ்சம் திருப்பி வைப்பாய். எஞ்சின் கரி இலைமேல் படிந்துவிடும். ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாக, அடியில் கைகொடுத்துத் துடைப்பாய். என் சட்டையில் படிந்த கரியை இத்தனை பதமாகத் துடைத்ததுண்டா என்று கேட்டேன். "உங்க சட்டை கிழிஞ்சா தெச்சுக்கலாங்க, இது கிழிஞ்சா தெக்க முடியுமா?" என்றாய்.

அம்மாவுக்குத்தான் அதைக் கண்டால் ஆகாது. நாமக்கல் பக்கத்து ஊரிலிருந்து நிலக்கடலை மூட்டையோடு வருவாள். வந்து உட்காருவதற்குள் ஜன்னலைப் பார்த்துவிடுவாள். "ஏஞ்சாமி, பூக்காது, காய்க்காது, ஆட்டுக்குக்கூட ஆவாது. இதுக்கெல்லாம் ஊட்டுக்குள்ள எடமா?" என்பாள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் நமக்குக் குழந்தை இல்லை. அம்மா யாரைச் சொல்கிறாள் என்று நம் மூவருக்கும் தெரியும். "பாக்கறதுக்கு நல்லா இருக்குதுங்களே அத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போவாய். எனக்கு மூக்குமேல் கோபம் வரும். நான் வாயைத் திறந்தால், "பெரியவங்க சொல்றாங்க, உடுங்க" என்று என்னைத்தான் அடக்குவாய்.

முதல் வருஷம் கார்த்திகையில் இலைகள் ஒவ்வொன்றாய் மஞ்சளாகித் தொங்கி, கடைசியில் வெறுஞ்சட்டி ஆனபோது நீ அழுத அழுகை எனக்கு நினைவிருக்கிறது. இன்னொரு செடி வாங்கலாம் என்றேன், எங்கே விற்கிறது என்றே தெரியாமல். மறுநாள் நீ மண்ணை விரலால் கிளறிப் பார்த்துவிட்டு, நான் வேலை முடிந்து வாசலில் நுழையும்போதே ஓடி வந்தாய். "சாகலீங்க! அடியில கெழங்கு கல்லாட்ட இருக்குது. தூங்குதுங்க!" உன் விரல் நகங்களிலெல்லாம் மண். உன்னை அத்தனை சந்தோஷமாக நான் பார்த்தது அந்த ஒருநாள்தான் என்று இப்போது தோன்றுகிறது. தண்ணீரை நிறுத்தி, சட்டியை அப்படியே விட்டாய். சித்திரை மழைக்குப் பிறகு ஊசிபோல் ஒரு முளை வந்தது.

அடுத்த கார்த்திகையில் அது தூங்கப் போனபோது நீயும் படுத்துவிட்டாய். காய்ச்சல், இருமல், பிறகு இருமலில் ரத்தம். ரயில்வே டாக்டர் வந்தார், நாட்டு வைத்தியர் வந்தார், என்னென்னவோ கொடுத்தார்கள். எழுந்து உட்காரவும் முடியாமல் போன ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"சட்டிக்குத் தண்ணி ஊத்தீராதீங்க. தூங்கறப்ப ஊத்துனா அழுகிப் போயிரும். சித்திரையில மழை பேஞ்சப்புறம் ஒரு கை தெளிங்க, எந்திரிச்சுக்கும். அத்தைகிட்டச் சொல்லீராதீங்க. செடி தூங்குதுன்னா சிரிப்பாங்க."

சரி என்றேன். சித்திரையில் நீயே தெளிக்கலாம் என்றும் சொன்னேன். தை முடிவதற்குள் போய்விட்டாய்.

கருமாதிக்காக ஆண்கள் நாங்கள் ஆற்றங்கரைக்குப் போனோம். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். சாவு விழுந்த வீட்டில் பழைய மண்சட்டிகளை வெளியே கொண்டுபோய் உடைப்பது நம் பக்கத்து வழக்கம், உனக்குத் தெரியாததா? திரும்பி வந்து சுவர்ப்பக்கம் முகம் வைத்துப் படுத்தவன், எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் சொந்தக்காரர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அம்மா மட்டும் இருந்தாள். என்னை எழுப்பி உட்கார வைத்து, சுடுசோறு போட்டு, புளிக்குழம்பு ஊற்றினாள். உள்ளே சேப்பங்கிழங்கு. எனக்குப் பிடித்தது என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ நாளைக்குப் பிறகு நன்றாகப் பிசைந்து இரண்டு கவளம் சாப்பிட்டேன். நாக்கு அரித்தது. பிறகு தொண்டையில் முள் முள்ளாய்க் குத்தியது.

"இந்தக் கெழங்கு ஏதும்மா?"

"சன்னலோரம் வெறுஞ்சட்டி ஒண்ணு கெடந்துது சாமி. ஒடைக்கலாம்னு மண்ணைக் கவுத்தேன், உள்ளாற கெழங்கு. மண்ணுக்குள்ள கெடந்ததுக்கு என்ன தீட்டுன்னு எடுத்து வெச்சேன்." அம்மாவுக்குக் குரல் உடைந்தது. "உனக்குப் புடிக்கும்னு மண்ணுல பொதைச்சு வெச்சிருக்கறா பாரு. சாகக் கெடக்கறப்பவும் உன்ற நெனப்புத்தான். நான் அவளை என்னென்ன பேசிப் போட்டேன் சாமி."

ஜன்னலைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். உனக்காக அவள் அழுதது அதுதான் முதல் தடவை. நான் என்ன சொல்வேன்? இது சேப்பங்கிழங்கு இல்லை, சட்டியில் அவள் விட்டுப்போன உயிரை வேகவைத்துப் போட்டிருக்கிறாய் அம்மா என்று, அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் தன் தட்டை எடுத்தாள். அவள் நாக்கில் பட்டால் தெரிந்துபோகும். குழம்பு முழுவதையும் எனக்கே ஊற்று என்றேன். சாப்பிட்டேன். தொண்டை வீங்கிக்கொண்டு வந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். "அளுதுரு சாமி, நல்லா அளுதுரு" என்று என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அரிப்பில் அழுதேனா, உன்னை நினைத்து அழுதேனா என்று எனக்கே தெரியாது. இரண்டு நாள் பேச முடியவில்லை. துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது என்று லைன் வீடுகளில் பேசிக்கொண்டார்களாம். தப்பாகச் சொல்லவில்லை.

அந்தச் சித்திரையில் நல்ல மழை பெய்தது. வேலைக்குப் போகாமல் ஜன்னலடியில் படுத்துக் கிடந்தேன்.

எனக்கு இன்னொரு பெண் பார்க்கலாம் என்று ஊரில் யாராவது பேச்செடுத்தால், அம்மா விடுவதில்லை. போன மாதம்கூட நான் உட்கார்ந்திருக்கும்போதே ஒருத்தியிடம் சொன்னாள்: "புருசனுக்குப் புடிக்கும்னு கெழங்கைப் பொதைச்சு வெச்சுட்டுப் போனவ எம் மருமவ. அவளாட்ட ஒருத்தி எங்க கெடைப்பா?" சொல்லிவிட்டு, இல்லையா சாமி என்று என்னைப் பார்த்தாள்.

எத்தனை வருஷம் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு நல்ல சொல்லுக்காகக் காத்திருந்தாய், கண்ணு! ஆமாம்மா என்று தலையாட்டினேன். உன் சாயச்சேம்பை எழுப்பிக் கொடுக்க எனக்கு வாய்க்கவில்லை. அம்மா சொல்லும் இந்தக் கதை வாடாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.